ஒட்டுறவு

எங்கள் வீட்டு கீஸர் ரிப்பேராகி இரண்டு வாரமாகியிருந்தது. 'ஞாயித்துக்கிழமை ஆளைக் கூட்டிட்டு வர்றேன்' என்று நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிறு எதற்காக ஏற்பட்ட நாள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்றாவது ஞாயிறு வருவதற்குள், ஒரு வியாழக்கிழமை காலை அப்பா தானே வெந்நீர்த் தவலையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் பக்கம் நடந்தார். வாசற்படி தடுக்கியது. கெண்டைக்காலில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு... வேண்டாம், நீங்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவராக இருக்கலாம்.

அப்பாவுக்கு வயது 68. சர்க்கரை 20 வருஷ சிநேகிதம். ஒரு மாதம் கட்டுப் போட்டும் புண் ஆறவில்லை. டாக்டர், ''ஸ்கின் கிராஃப்ட் பண்ணிடலாம்'' என்றார்.

''அப்படின்னா?'' என்றாள் அம்மா.

''தொடையிலேர்ந்து மெல்லிசா தோல் சீவி எடுத்து, புண்ணு மேல ஒட்டறதும்மா.''

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பி.காம். படித்த எனக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. பெறுபவரைப் பற்று வை, கொடுப்பவரை வரவு வை. பெறுபவர் கால், கொடுப்பவர் தொடை. இரண்டு கணக்கும் ஒரே ஆசாமியிடம்.

இருந்தாலும் கீஸர் உறுத்தியது. ''டாக்டர், வேணும்னா என் தோலை எடுத்துக்குங்களேன்!'' என்று சொல்லிவிட்டேன். வாய் சொல்லி முடிப்பதற்குள் தொடை சில்லிட்டது.

டாக்டர் சிரித்தார். ''உங்க தோல் அப்பாவுக்கு நிக்காது சார். ரெண்டு வாரம் இருக்கும், அப்புறம் உதிர்ந்துடும். உடம்பெல்லாம் வெந்து போனவங்களுக்கு உயிரைக் காப்பாத்த அடுத்தவங்க தோலைத் தற்காலிகமா போர்த்தறது உண்டு. நிரந்தரமா நிக்கறது சொந்தத் தோல்தான்.''

எனக்குள் ஒரு பெரிய நிம்மதி. முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டேன்.

பெற்ற பிள்ளையின் தோலே ஆகாதா என்று அன்று ராத்திரி புரட்டிப் பார்த்தேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு உலக யுத்தம் தேவைப்பட்டிருக்கிறது. அந்த சமயம் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் தீக்காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு அவள் சகோதரனின் தோலைத் துண்டு துண்டாக வைத்துப் பார்த்தார்கள். கழன்று விழுந்தது. மறுபடி வைத்தார்கள். இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் விழுந்தது! முதல் தடவையே 'இது வெளியாள்' என்று உடம்பு குறித்துவைத்துக்கொண்டுவிட்டது என்று பீட்டர் மெடாவர் புரிந்துகொண்டார். கிப்ஸன் என்ற சர்ஜனுடன் சேர்ந்து 1943-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். 1960-ல் நோபல் பரிசு வந்தது.

விதிவிலக்கு, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். 1954-ல் பாஸ்டனில் அண்ணன் தம்பி இருவருக்குள் சிறுநீரகம் மாற்றியபோது, நிஜமாகவே அச்சு அசல் ஜெராக்ஸ்தானா என்று பார்க்க முதலில் கொஞ்சம் தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தார்களாம். ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் கத்தியை எடுத்தார்கள்.

இன்னொரு ஆசாமியும் அகப்பட்டார். பிற்பாடு பிரிட்டிஷ் பிரதமரான சர்ச்சில். 1898-ல், சூடான் சண்டையில் காயம்பட்ட சக அதிகாரிக்காகத் தன் கையிலிருந்து, மயக்க மருந்துகூட இல்லாமல், தோல் சீவிக் கொடுத்தார். அது நண்பர் கையில் இன்னும் இருக்கிறது என்று 1930-ல் வந்த சுயசரிதையில் பெருமையாக எழுதினார். மெடாவர் கணக்குப்படி அது சில வாரங்களில் உதிர்ந்து, நண்பரின் சொந்தத் தோல்தான் அந்த இடத்தில் வளர்ந்திருக்கும். கொடுத்தோம் என்ற நினைப்பு மட்டும் 30 வருஷத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது! நான் கொடுக்காமலேயே ஒரு ராத்திரி முழுக்கப் பெருமைப்பட்டவன். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் விளக்கம் சொல்ல வந்தார். அப்பா முந்திக்கொண்டார்.

''அணைச்சுக் கட்டணும், ஆட்டக் கூடாது, அடியில நீர் கோக்கக் கூடாது. அவ்வளவுதானே டாக்டர்?''

டாக்டர் அசந்துவிட்டார். ''கரெக்ட் சார்! எங்கே படிச்சீங்க?''

''நர்ஸரியில.''

எல்.கே.ஜி. நர்ஸரி இல்லை, செடி நர்ஸரி. கொல்லையில் இருக்கும் ஒட்டு மாங்கன்றை வாங்கும்போது அந்தக் கடைக்காரர் நடத்திய பாடம். கொட்டை போட்டு முளைத்த கன்றின் தண்டையும் நல்ல ஜாதி மரத்தின் குச்சியையும் சீவி, பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சைத் திசு இரண்டும் ஒன்றையொன்று தொடும்படி வைத்துக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் செல்கள் வளர்ந்து, கைகோத்து, தண்ணீர்க் குழாய் இணைப்பு கொடுத்துவிடும். நம்மைப்போல் 'இது வெளியாள்' என்று எதிரியை ஞாபகம் வைத்துத் தேடும் ரத்த அணுக்கள் செடிக்குக் கிடையாது. சுண்டைக்காய்ச் செடியின் வேரில் கத்தரிக்காய் காய்க்கவைக்கிறார்கள். ஆனால், வேப்பமரத்தில் மாங்குச்சியை வைத்தால் வேலைக்காகாது. நெருங்கின சொந்தமாக இருக்க வேண்டும். செடி, பெரியப்பா பிள்ளைவரை ஒப்புக்கொள்கிறது. மனித உடம்புதான் பெற்ற பிள்ளையையே வாசலில் நிறுத்திவிடுகிறது.

ஆபரேஷன் முடிந்தது. எடுத்த தோல் ஒரு மில்லிமீட்டர்கூட தடிமன் இல்லை. நிறையப் பரவுவதற்காகவும், அடியில் ஊறும் நீர் வெளியேறுவதற்காகவும் அதில் வலைபோலச் சின்னச் சின்ன ஓட்டை போட்டிருந்தார்கள். முதல் இரண்டு நாள் அந்தத் தோலுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. புண்ணில் கசியும் நீரைக் குடித்தே உயிர் வாழும். அதற்குள் அடியிலிருந்து ரத்தக் குழாய் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் கறுத்துவிடும். சர்க்கரைக்காரர்களுக்கு அந்த பயம் கொஞ்சம் அதிகம்.

அப்பா ஐந்து நாளும் காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ''தொடைதான்டா எரியுது. வாங்கினவன் சும்மா இருக்கான், கொடுத்தவன் கத்தறான்'' என்றார். தோல் எடுத்த இடத்தில் அடித்தோலில் மிச்சமிருக்கும் செல்களிலிருந்து அதுவே வளர்ந்து மூடிக்கொள்ளும், இரண்டு வாரம் ஆகும் என்றார் டாக்டர்.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். அம்மா வராந்தாவில் நின்று கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்று பஞ்சை நர்ஸ் ஈரப்படுத்தி எடுத்தபோது நான் அப்பாவின் காலைப் பார்க்காமல் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை.

''பிடிச்சிருச்சு சார்!''

நர்ஸரிக்காரர் சொன்ன அதே வார்த்தை. இளஞ்சிவப்பாக, புதுத் தளிர் மாதிரி இருந்தது. ஒரு ஓரத்தில் எட்டணா அளவுக்குப் பிடிக்கவில்லை. அது போகப் போக ஆறிவிட்டது.

கீஸரை, அப்பா கால் வெந்த அன்றைக்கு மறுநாளே ரிப்பேர் செய்துவிட்டேன். ஒரு காயில் போயிருந்தது. 350 ரூபாய், அரை மணி நேரம். ஆஸ்பத்திரி பில்லை அதோடு ஒப்பிட்டு லாப நஷ்டக் கணக்கு எழுத என் பி.காம். போதாது.

போன வாரம் அப்பா கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாங்கன்றில் ஒட்டுக்குக் கீழே விட்டிருந்த துளிரைக் கிள்ளச் சொன்னார். விட்டுவைத்தால் அதுதான் வளருமாம். நல்ல ஜாதிக் கிளை நோஞ்சானாகிவிடுமாம். கிள்ளிக்கொண்டிருந்தேன்.

''டேய்... அன்னிக்கு உன் தோல் ஆகாதுன்னு டாக்டர் சொன்னப்போ உன் மூஞ்சியைப் பார்த்தேன்.''

''வருத்தமாத்தானே இருந்துதுப்பா?''

''அதுக்கு முன்னாடி ஒரு செகண்ட்.''

துளிரே கிடைக்காத இடத்தில் நான் துளிரைத் தேடினேன்.

''சரி விடு. தர்றேன்னு வாயைத் தொறந்து சொன்னியே. எனக்கு உன் தோலெல்லாம் வேணாம். மோட்டார்ல வாஷர் போயி ஒழுகிட்டிருக்கு, தரையெல்லாம் வழுக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை...''

''இப்பவே பார்த்துடறேம்பா!'' என்று ஸ்பானரைத் தேடி ஓடினேன்.

அன்று செவ்வாய்க்கிழமை.