மன்னிப்பும் மறதியும் ஒன்றல்ல

"மன்னித்து விடுங்கள்" என்ற அறிவுரை மட்டக்களப்பின் பிரசங்க பீடங்களிலிருந்து அடிக்கடி கேட்கிறது. உயிர்த்த ஞாயிறு நெருங்கும்போது அது இன்னும் சற்று உரக்கக் கேட்கும். மன்னிப்பு கிறிஸ்தவத்தின் உயிர்நாடி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் யார், யாரை, எதற்காக மன்னிப்பது என்று கேட்டால் பீடம் மௌனமாகி விடுகிறது. அந்த மௌனத்தோடுதான் என் வழக்கு.

கணக்கைச் சற்றுப் புரட்டுவோம். பிரஜைகள் குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6ஆம் திகதி, தாம் பணியாற்றிய புனித மரியாள் ஆலயத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபர்ட் அடிகளாரும், உடன் சென்ற தமிழ் இளைஞரும் வந்து சேரவேயில்லை. 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது, அதே புனித மரியாள் ஆலயத்தில் நாடாளுமன்ற உறுப்பினரும் பத்திரிகையாளருமான ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். அவ்வழக்கைத் தொடரப் போவதில்லை எனச் சட்டமா அதிபர் அறிவித்ததால், 2021 ஜனவரியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் அனைவரும் விடுதலையாயினர். அப்படியாயின் சுட்டவர் யார்? எவரும் பதில் சொல்லவில்லை.

கொன்றவர் யாரென்றே நிலைநாட்டப்படாத கொலையில் யாரை மன்னிப்பது? பெயர் தெரியாதவருக்கு வழங்கும் மன்னிப்பு, கோப்பை மூடி வைக்க விரும்புவோருக்கே பயன்படும்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்தது வேறு வகை. ஞாயிறு பாடசாலை முடிந்து காலை உணவு அருந்திக்கொண்டிருந்த பிள்ளைகளின் நடுவே குண்டு வெடித்தது. இறந்த 31 பேரில் 14 பேர் சிறுவர். குண்டுதாரியும் இறந்தான். பிள்ளையை இழந்த தாய் ஒருத்தி அவனை மன்னித்தால் அதன் முன் நான் தலைவணங்குவேன். அது அவள் உரிமை. ஆனால் அவள் சார்பில் அதை வழங்கவோ, அவளிடமிருந்து அதைக் கடமையாகக் கேட்டு வாங்கவோ எந்தப் போதகருக்கும் உரிமையில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் கைகட்டியிருந்த அரசின் பொறுப்பு அவளது மன்னிப்பினால் தீர்ந்துவிடுவதுமில்லை.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், நீதி கேட்டு நீதிபதியை ஓயாது நச்சரித்த விதவையின் உவமை வருகிறது. இடைவிடாத ஜெபத்துக்கு உதாரணமாகவே அதைப் பிரசங்கிக்கிறார்கள். சரிதான். ஆனால் உவமையில் அந்த விதவை போய் நின்ற இடம் ஆலயமன்று, நீதிமன்றம்! பாதிக்கப்பட்டோரும் பிறரும் அவ்வாறு விடாது நின்றதனால்தான், 2023 ஜனவரி 12ஆம் திகதி முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திருச்சபை அரசியல் பேசலாகாது என்பார்கள். சிறுபான்மையினர் அடங்கியிருப்பதே பாதுகாப்பு என்றும் சொல்வார்கள். அச்சம் எனக்கும் புரிகிறது. இந்த ஊரில் செய்தி எழுதியவர்களுக்கு அது புதிதன்று. ஆனால் காணாமற் போனோரின் விபரங்களைப் பொறுமையாகப் பதிவு செய்துவந்த ஹரி மில்லர் அடிகளார் செய்தது அரசியலா, ஆயர் பணியா? கர்தினால் மல்கம் ரஞ்சித் கொழும்பில் 2019க்கு நீதி கோருவது போல, 1988க்கும் 1990க்கும் 2005க்கும் கோருவதற்கு வாவிக்கரையில் ஏன் குரல் எழவில்லை?

பெரிதாக எதையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மன்றாட்டில் நோயாளரையும் பரீட்சை எழுதும் பிள்ளைகளையும் பெயர் சொல்லி நினைக்கிறோம். அங்கே கொல்லப்பட்டவர்களின் பெயர்களையும் வாசியுங்கள். சீயோனின் பிள்ளைகளைக் கத்தோலிக்க ஆலயங்களிலும், புனித மரியாள் ஆலயத்தில் மாண்டவர்களைச் சீயோனிலும் வாசியுங்கள். அவ்வழக்குகள் எந்நிலையில் உள்ளன என்பதை ஆண்டுக்கொரு முறையேனும் சபைக்கு அறிவியுங்கள்.

அதன் பிறகு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கியுங்கள். கேட்கிறோம்.