‘ஊர்ப் பொதுமக்கள்’ கேட்கும் இணையத்தில் சேரி எங்கே?

கிராமத்துக்கு அதிவேக இணையம் வேண்டும் என்று கேட்டு எழுதப்படும் மனுக்களை எடுத்துப் பாருங்கள். அடியில் ‘இவண், ஊர்ப் பொதுமக்கள்’ என்றுதான் இருக்கும். கேட்பதற்கு நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் ‘ஊர்’ என்று சொன்னால் அதில் சேரி அடங்காது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஊர்த் திருவிழா, ஊர்ப் பொதுக்குளம், ஊர்ச் சுடுகாடு என்று ‘ஊர்’ ஒட்டிக்கொண்ட எந்தச் சொல்லிலும் நமக்கு இடம் இருந்ததில்லை. இப்போது ஊர் இணையம் வருகிறது. அதில் மட்டும் தானாக இடம் கிடைத்துவிடுமா?

கிராமங்களுக்கு இணையம் கேட்டு நடக்கும் போராட்டத்துக்கு நான் எதிரானவன் அல்ல. இந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆவது சுற்றின்படி, இந்திய ஊரகத்தில் 100 வீடுகளில் ஏறத்தாழ 15 வீடுகளுக்குத்தான் இணைய வசதி இருந்தது. நகரங்களில் அது 42. கணினி இருந்த ஊரக வீடுகள் 100-க்கு 5 கூட இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கொரோனா வந்து பள்ளிகளைப் பூட்டியபோது இந்த எண்களுக்கு என்ன பொருள் என்று நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். கிராமத்துக்கு இணையம் வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. ‘கிராமம்’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

முதலில் அரசு என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2011-இல் ஒப்புதல் கொடுத்தது. பின்னர் அதற்கு ‘பாரத்நெட்’ என்று பெயர் மாற்றினார்கள். கெடுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இதற்கென ‘டான்பிநெட்’ என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. 2020-இல் ஒன்றிய அரசின் தலையீட்டால் அதன் டெண்டர் ரத்தாகி, மறுபடி விடப்பட்டது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் குறைந்தது விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகம் கொடுப்பது இலக்கு.

12,525 என்ற எண்ணை அங்கேயே நிறுத்திப் பாருங்கள். அந்த ஊராட்சிகளுக்குள் 79,000-க்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் இருக்கின்றன. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு. பைபர் வந்து சேர்வதோ ஒரே ஒரு இடத்துக்கு. ஓர் அறையில் ஒரு ரேக், ஒரு யுபிஎஸ், ஒரு பெட்டி. அங்கே விளக்கு எரிந்துவிட்டால் அந்த ஊராட்சி ‘இணைக்கப்பட்டது’ என்று கணக்கு முடிகிறது. மீதி ஐந்து குடியிருப்புகளுக்கு அங்கிருந்து யார் இழுத்துக் கொண்டுபோவது? அந்த ஐந்தில் காலனி எது, இருளர் குடியிருப்பு எது என்று கணக்கில் எந்தக் கட்டமும் இல்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்காக வட மாவட்டங்களில் சில ஊராட்சிகளில் மாதக் கணக்கில் தங்கியிருக்கிறேன். ஊராட்சிப் பொதுச் சொத்துகள் எப்படிப் பகிரப்படுகின்றன என்பது என் ஆய்வுப் பொருள். குளம், மேய்க்கால், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி என்று தொடங்கிய பட்டியலில் இப்போது பைபரையும் சேர்க்க வேண்டியதாயிற்று. நான் பார்த்த இடங்களில் அந்தப் பெட்டி இருக்கும் கட்டடம் ஊர்த் தெருவில்தான் இருந்தது. பெட்டியிலிருந்து வீடுகளுக்கு இணைப்பு கொடுப்பவர் ஏற்கெனவே அங்கே கேபிள் டிவி நடத்தியவர். அவர் யாருடைய பங்காளி என்று சொல்லத் தேவையில்லை. காலனிக்கு ஏன் லைன் போகவில்லை என்று கேட்டால் “அங்க கஸ்டமர் வராது சார், ஒயர் இழுத்த காசுகூட தேறாது” என்றார் ஒருவர். சாதி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அவர் சொன்ன ‘மார்க்கெட்’ அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

தொழில்நுட்பத்தைக் காரணம் காட்டுபவர்களுக்கு ஒரு பதில். தமிழ்நாட்டில் இந்த வடம் பெரும்பாலும் மண்ணுக்கடியில் போவதில்லை, மின்கம்பங்களின் மேல்தான் கட்டப்படுகிறது. காலனியில் மின்கம்பம் இருக்கிறது. ஒரு விளக்குத் திட்டத்தில் குடிசைக்கு மின்சாரம் கொண்டுவந்த அதே கம்பம். ஊர்த் தெருவின் கடைசிக் கம்பத்துக்கும் காலனியின் முதல் கம்பத்துக்கும் நடுவே மலையோ ஆறோ கிடையாது. பல இடங்களில் ஒரு வாய்க்காலும் நாலு வயலும்தான். அந்த நாலு வயலைத்தான் எழுபத்தைந்து ஆண்டுகளாகத் தார்ச்சாலையும் குடிநீர்க் குழாயும் பேருந்தும் தாமதமாகக் கடந்தன.

“ஊராட்சி அலுவலகத்தில் வைஃபை இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் போய்ப் பயன்படுத்தலாமே” என்று அதிகாரிகள் சொல்வார்கள். பட்டியலினத்துப் பெண் ஊராட்சித் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த மாநிலம் இது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-இல் அது வெளிவந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-லிருந்து பத்தாண்டுகள் தலித் ஒருவரைத் தலைவர் நாற்காலியில் உட்காரவே விடவில்லை. மேலவளவில் உட்கார வந்த முருகேசனை 1997-இல் வெட்டிக் கொன்றார்கள். அந்த நாற்காலி இருக்கும் கட்டடத்தின் திண்ணையைப் ‘பொது இடம்’ என்று சொல்ல ஒரு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

காலனியில் கல்லூரி இரண்டாமாண்டு படிக்கும் தம்பி ஒருவனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “ஆபீஸ் வாசல்ல உக்காந்தா யாரும் அடிக்கல்லாம் மாட்டாங்கண்ணா. ‘யாரு வூட்டுப் பையன்’னு கேப்பாங்க. பதில் சொன்னப்புறம் அங்க உக்கார முடியாது” என்றான். அவனுடைய தங்கைக்கு அந்தக் கேள்வியைச் சந்திக்கும் வாய்ப்பும் இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் ஊர்த் தெருவில் செல்போனோடு ஒரு பெண் உட்கார முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய ஆண்கள் 57 விழுக்காடு, பெண்கள் 33 விழுக்காடு. பொது வைஃபை என்ற பெயரில் ஒரு திண்ணையைக் காட்டினால் அந்த இடைவெளி இன்னும் அகலும்.

“அதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கே, டேட்டா இருக்கே” என்பது அடுத்த வாதம். 2016-இல் ஜியோ வந்தபின் டேட்டா மலிவானது உண்மைதான். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் இருந்து, அது காலையில் அப்பாவின் சட்டைப் பையில் சித்தாள் வேலைக்குப் போய்விட்டால், அந்த டேட்டா பிள்ளைக்கு எப்படி உதவும்? வீட்டுக்கு வரும் லைன் எங்கும் போகாது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். ரீல்ஸ் பார்க்க செல்போன் போதும். விண்ணப்பத்துடன் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றவும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும், ஆய்வுக் கட்டுரைகளை இறக்கவும் அது போதாது. இப்படி அறிவுரை சொல்பவர்கள் தங்கள் வீட்டு பிராட்பேண்டைத் துண்டித்துவிட்டுச் செல்போனோடு ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும்.

இதில் பெரிய அயோக்கியத்தனம் ஒன்று இருக்கிறது. இணையத்தைக் கொடுக்காத அரசு, இணையத்தைக் கட்டாயமாக்குகிறது. கல்வி உதவித்தொகைக்கு இணையவழி விண்ணப்பம். சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை. தேர்வாணையத் தேர்வுக்கு இணையவழி. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவும் செயலி வழியாகத்தான் என்றார்கள். வேலை நடக்கும் ஏரிக்கரையில் நின்று ஒரு நாளைக்கு இரண்டு முறை படமெடுத்து ஏற்ற வேண்டும். ஏரிக்கரையில் சிக்னல் இல்லையென்றால் மண் சுமந்த பெண்ணின் கூலிக்கு யார் பொறுப்பு? அந்த வேலைக்கு வருவோரில் கணிசமானோர் நிலமற்ற தலித் பெண்கள். நமக்கு இணையம் சலுகையாக வரவில்லை, நிபந்தனையாக வந்திருக்கிறது. ஆகவே அதைக் கேட்பதும் சலுகை கேட்பதாகாது.

இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்விக்கான உரிமையோடும் தனியுரிமையோடும் சேர்ந்தது என்று 2019-இல் பஹீமா ஷிரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் விடுதியில் செல்போன் கட்டுப்பாட்டை எதிர்த்த ஒரு கல்லூரி மாணவி. 2023 ஜூனில் கேரள அரசு ‘கே-போன்’ திட்டத்தைத் தொடங்கியபோது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்தது. முதல் கட்டத்தில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 100 குடும்பங்கள் வீதம் 14,000 குடும்பங்களைத்தான் எடுத்துக்கொண்டது. இலக்குக்கும் நடப்புக்கும் தூரம் அதிகம். ஆனாலும் ‘வீடு’ என்பதை அலகாக வைத்தார்கள். நாம் இன்னும் ‘ஊராட்சி’யைத் தாண்டவில்லை.

கிராமங்கள் தாமே கூடி இணையத்தைக் கட்டிக்கொண்ட கதையாக இங்கிலாந்தின் லங்காஷயரை நண்பர்கள் எடுத்துக்காட்டுவார்கள். 2011-இல் அங்கே கிராமத்தார் ‘பார்ன்’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். பெரிய கம்பெனிகள் லாபம் இல்லை என்று கைவிட்ட பகுதி அது. மக்களே பங்கு வாங்கிப் பணம் திரட்டினார்கள். விவசாயிகள் தம் நிலத்தின் வழியே வடம் போக வாடகை வாங்காமல் அனுமதித்தார்கள். தாங்களே குழி தோண்டினார்கள். மாதம் 30 பவுண்டுக்கு 1 ஜிகாபிட் வேகம் கிடைத்தது. மதிக்கத்தக்க வேலை. கூட்டுறவாக இணையத்தை நடத்த முடியும் என்று அது காட்டியிருக்கிறது.

ஆனால் அதை இங்கே அப்படியே இறக்குமதி செய்யச் சொல்பவர்களிடம் இரண்டு கேள்விகள். இங்கே வடம் கடக்க வேண்டிய அந்த நாலு வயல் யாருடையது? பிணம் தூக்கிப் போகவே வழிவிடாத வரப்பு வழியாகக் காலனிக்கு வடம் போக, வாடகை வாங்காமல் விடுவார்களா? இரண்டாவது, குழி தோண்டுவது இங்கே யாருடைய வேலை? அங்கே நிலத்துக்காரரே மண்வெட்டி பிடித்தார். இங்கே நிலம் ஒருவரிடமும் மண்வெட்டி இன்னொருவரிடமும் இருக்கிறது. ‘சமூகமாகக் கூடுவோம்’ என்றால் மண்வெட்டி பிடித்தவன் தோண்டுவான், நிலத்துக்காரன் இணைப்பு வாங்குவான்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் உடைத்துப் பேசினார். இந்தியக் கிராமங்களைக் குட்டிக் குடியரசுகள் என்று மெட்காப் புகழ்ந்ததை எடுத்துக்காட்டி, அந்தக் கிராமம் அறியாமையும் குறுகிய மனமும் குடியிருக்கும் இடம் என்றார். அரசியல் சட்டத்தின் அலகு கிராமம் அல்ல, தனிமனிதர் என்பதில் அவர் மகிழ்ந்தார். பெரியாரோ, கிராமம், நகரம் என்ற பிரிவே வருணாசிரமம் போன்றதுதான் என்றார். இருவரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் நம் கோரிக்கை தெளிவாகிறது: நகரத்துக்குக் கிடைக்கும் வேகம் கிராமத்துக்கும் வேண்டும், கிராமம் என்ற பெயரில் ஊர்த் தெரு மட்டும் அதை வாங்கிக்கொள்ளக் கூடாது.

“முதலில் ஊருக்கு வரட்டும், பிறகு காலனிக்கும் வரும்” என்று பொறுமை சொல்லும் முற்போக்கு நண்பர்களும் உண்டு. குடிநீருக்கும் இதைத்தான் சொன்னீர்கள். காலனிக்குத் தனித் தொட்டி வந்தபின் 2022-இல் வேங்கைவயலில் அதற்குள் மலம் கிடந்தது. பிறகு வருவது எப்போதும் குறைந்ததாகவும் பாதுகாப்பற்றதாகவுமே வருகிறது. இணையம் வந்தால் சாதி போய்விடும் என்று நான் நம்பவில்லை. சாதிப் பெருமை ரீல்ஸும் அதே வடத்தில்தான் வருகிறது. அவர்களுக்கு 1 ஜிகாபிட்டும் நமக்கு அறுந்து அறுந்து வரும் இரண்டு புள்ளி சிக்னலும் என்றால் அந்த வெறுப்புக்குப் பதில் சொல்லக்கூட நமக்கு வழியில்லை.

எனவே தோழர்களே, உங்கள் ஊரில் இணையத்துக்காக மனு எழுதினால் இவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஊராட்சி அலுவலகத்தோடு கணக்கை முடிக்காமல் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஓர் இணைப்பு முனை வேண்டும். முதல் முனை காலனியிலும் பழங்குடியினர் குடியிருப்பிலும் தொடங்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் முன்னுரிமை வேண்டும். வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் உரிமத்தில் பட்டியலின மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ஒதுக்கீடு வேண்டும். ஊர்த் தெருவுக்குப் போட்ட வடத்தின் செலவைப் பட்டியலினத் துணைத் திட்டக் கணக்கில் காட்டும் பழைய வித்தை கூடாது. எந்தக் கம்பத்தில் வடம் போகிறது, எதில் நிற்கிறது என்ற வரைபடத்தை ஊராட்சிவாரியாக வெளியிட வேண்டும். சிக்னல் இல்லை என்பதற்காக ஒரு நாள் கூலியும் வெட்டப்படக் கூடாது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள். அடுத்த கூட்டத்தில் காலனியிலிருந்து கூட்டமாகப் போய் உட்காருங்கள், நாற்காலியில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த வரைபடத்தைக் கேளுங்கள். இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், ஏற்ற மறுத்தால் மறுத்ததையும் எழுதி வாங்குங்கள். ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்று முடியும் மனு உங்களிடம் கையெழுத்துக்கு வந்தால், காலனியின் பெயரை அதில் எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். எழுத விடவில்லை என்றால் அது நம் மனு அல்ல.