பக்கத்து நாடுதானே, விசா எதற்கு?

எங்கள் தெருவில் லாரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். அவர் மகனுக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை. மே மாதம் கணவனும் மனைவியுமாகப் போகிறார்கள்.

"ஏனுங்க சார், பையன் சுவிஸ் போயிட்டு அப்படியே லண்டனும் பார்த்துட்டு வரலாமுங்கறான். ஒரே விசா போதுமாமுங்க. நெசமுங்களா?"

பாதி நிசம் என்றேன். அவருக்குப் புரியும் கணக்கில் ஒரு கேள்வியும் கேட்டேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரி செக்போஸ்ட்டை எடுத்துவிட்டார்களே, அதற்காக உங்கள் டிரைவர் இ-வே பில் இல்லாமல் லோடு ஏற்றுவானா? சிரித்துவிட்டார்.

ஐரோப்பாவிலும் அதே கதைதான். 1985-ல் லக்சம்பர்க்கில் ஷெங்கன் என்ற சிற்றூரில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டதில் தொடங்கியது. இன்று 29 நாடுகள் அதில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் கிடையாது, ஆனால் ஷெங்கனில் உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் இல்லை. அவற்றுக்கு விசா தனி. இதுவரை எல்லா ஏஜெண்டும் சொல்வார்கள். எனக்கு நடந்தது இதற்கு அடுத்த படி.

எங்கள் மகள் பிரான்ஸில் லீல் நகரத்தில் இருக்கிறாள். பெல்ஜியம் எல்லை பக்கம்தான். 2018-ல் அவளுடைய பிரசவத்துக்குப் போயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை காரில் பெல்ஜியம் அழைத்துப் போனார். "ஏங்க, பெல்ஜியம் எப்போ வரும்?" என்று என் மனைவி கேட்டபோது உள்ளே நுழைந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. தொப்பூர் கணவாய் தாண்டி தர்மபுரிக்குள் போகிற மாதிரி அவ்வளவு சாதாரணம்.

அந்தச் சாதாரணம்தான் எங்களை ஏமாற்றியது. என் மனைவியின் அண்ணன் லண்டனில் படுத்த படுக்கையாக இருந்தார். அவரைப் பார்க்க இரண்டு நாள் போய்வர முடிவு செய்தோம். பிரிட்டிஷ் விசாவை ஊரிலேயே வாங்கியிருந்ததால் எல்லாம் சரி என்ற நினைப்பு. லீலிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். அந்த ரயில் நிலையத்திலேயே முதலில் பிரெஞ்சு போலீஸ் வெளியேறும் முத்திரை குத்துவார்கள். அடுத்து பிரிட்டிஷ் அதிகாரிகள்.

பிரெஞ்சு போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். நான் பிரெஞ்சில் வணக்கம் சொன்னதில் அவருக்குச் சந்தோஷம். முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே, "ஐயா, இதைக் குத்தினால் நீங்கள் திரும்ப உள்ளே வர முடியாது, தெரியும்தானே?" என்றார். விசா ஸ்டிக்கரில் 'நோம்ப்ர் தாந்த்ரே' என்று ஒரு கட்டம் இருக்கும், எத்தனை முறை நுழையலாம் என்பது. அதில் 01 என்று இருந்தது. விண்ணப்பத்தில் ஏஜெண்ட் ஒரு முறை என்று டிக் போட்டதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன், முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஃபைலில் அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையில் சுழித்தவன், இரண்டு சொல்லைப் படிக்காமல் விட்டேன்.

மகளுக்கு இன்னும் பத்து நாளில் தேதி. என் மனைவி வரிசையிலிருந்து விலகி நின்றுகொண்டு, "வீட்டுக்குப் போலாங்க" என்றாள். அந்த அண்ணனை அதற்குப் பிறகு அவள் செல்போன் திரையில்தான் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் தாத்தாவும் புதுச்சேரிக்காரர்தான். 1962 ஆகஸ்ட் 16-லிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை தொடரும் என்று ஒப்பந்தம். அவர் எழுதிக் கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அந்த ரயில் நிலையத்தில் ஒரு அரை மணி நேரம் மட்டும் இருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அவர்கள் கையில் குடியுரிமையோ, தங்கும் அட்டையோ இருக்கிறது. எல்லை என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. நம் எல்லை இன்னும் அந்த ஸ்டிக்கரில் இருக்கிறது. டிக்கெட் போடும் முன் பெற்றோரின் ஸ்டிக்கரைப் படிப்பது பிள்ளைகளின் வேலை.

அதில் வேறென்ன பார்க்க வேண்டும்? தங்கும் நாள் என்று ஓர் எண் இருக்கும். மேலே தேதி 45 நாள் இருந்தாலும் அந்த எண் 30 என்றால் முப்பது நாள்தான். 'மூன்று மாதம் இருக்கலாம்' என்பதும் தப்பு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் சட்டம். இறங்கும் நாளும் ஏறும் நாளும் கணக்கில் சேரும். ஜூலை முதல் தேதி போய் செப்டம்பர் 30-ல் கிளம்பினால் 92 நாள். 2025 அக்டோபரிலிருந்து முத்திரைக்குப் பதில் கைரேகையும் போட்டோவும் கம்ப்யூட்டரில் ஏறத் தொடங்கியிருப்பதால் இரண்டு நாளை யாரும் கண்டும் காணாமல் விடப்போவதில்லை.

அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பக்கத்து நாட்டுக்கு ஒரு நாள் போனாலும் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்தது. நெய், பால்கோவா கட்டிக்கொடுக்கும் மாமிமார்களுக்கு: பால் பொருளை ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று விதியைத் தளர்த்தினார்கள். மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு, பல முறை நுழையும் இரண்டு வருஷ விசா கிடைக்கும்.

நண்பரை ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நேற்று இரவு வந்தது. அந்தக் கட்டத்தில் 01. சுவிஸுக்குத் தாராளமாகப் போய்வாருங்கள், லண்டன் போவதென்றால் கடைசியில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே ஊருக்கு ஃபிளைட் ஏறுங்கள் என்று பதில் போட்டேன். பையனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.