அவன் பொய் சொல்றான்!

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ மாப்பிள்ளை விவகாரம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் மன்னிக்கணும். இந்த அவன், சமையலறை அவன். கேக் வேகிற மின்சார அடுப்பு.

திருவான்மியூரில் என் அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். ஆறு வருஷ வியாபாரம். கடல் காற்று கிடைக்குமே என்று மாமா அங்கே ஃப்ளாட் வாங்கினார். (காற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.)

போன மாதம் திடீரென்று கேக்கெல்லாம் மேலே வெளுத்து, நடுவில் பள்ளம் விழுந்து, உள்ளே கொழகொழ. ஒரே வாரத்தில் மூன்று ஆர்டர் திரும்பி வந்தது. வீட்டில் உடனே விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. முட்டை சரியில்லை என்றார் மாமா. மைதா பழசு என்றார் அவருடைய அம்மா. எதிர் வீட்டம்மா 'திருஷ்டி' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பையே எழுதிவிட்டார். அவனை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அதன் நெற்றியில்தான் 180 டிகிரி என்று பளிச்சென்று எரிகிறதே!

கடைசியில் அக்காவே, "என் கைப்பக்குவம் போயிடுச்சுடா தம்பி. இதோட நிறுத்திக்கலாம்னு பார்க்கிறேன்" என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டோம். வந்தார். கதவைத் திறந்தார், உள்ளே கையை நீட்டினார், மூடினார். "போர்டு போயிடுச்சு மேடம். 11,000 ஆகும்." இவ்வளவையும் ஒரு கையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்!

நான் பி.காம். எலெக்ட்ரானிக்ஸுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் ஒரு விஷயம் எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: வவுச்சர் இல்லாத எண்ணை நம்பாதே. நெற்றியில் எரிகிற 180, அவன் தன்னைப் பற்றித் தானே கொடுத்த வாக்குமூலம். கணக்கு எழுதியவரே ஆடிட்டும் செய்தால் உருப்படுமா?

அதனால் வெளி ஆடிட்டர் ஒருவரை அழைத்தேன். அவனுக்குள் வைக்கிற தனி தெர்மாமீட்டர், 500 ரூபாய். நடுத்தட்டில் வைத்து, 180-ல் முடுக்கி, அரை மணி காத்திருந்தோம். அவன் ஒரே சீராகச் சுடாது. விட்டு விட்டு எரியும். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்தோம். 146, 153, 149, 152. சராசரி 150. முப்பது டிகிரி துண்டு விழுகிறது!

அவனுக்குள் பின்சுவரில் பென்சிலை விட ஒல்லியாக ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சென்சார். அக்கா வீட்டுச் சென்சாருக்குள் இருப்பது பிளாட்டினம். சூடு ஏற ஏற அதன் மின்தடை கணக்காக ஏறும். 1880-களில் ஹ்யூ காலண்டர் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி (தினம் கிழிக்கிற காலண்டர் இல்லை) இதை நம்பகமான வெப்பமானியாக்கினார். பனிக்கட்டித் தண்ணீரில் 1,000 ஓம். கொதிக்கிற தண்ணீரில் 1,385. இதைப் படித்துத்தான் போர்டு அடுப்பை ஏற்றி இறக்குகிறது.

ரிச்சி தெருவில் 450 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். தெருமுனை எலெக்ட்ரீஷியன் அண்ணன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவனை வெளியே இழுத்தார். (சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது சார், பிளக்கையே பிடுங்கணும்.) அன்று அறை வெப்பம் 32. கணக்குப்படி 1,125 ஓம் காட்ட வேண்டும். போர்டுக்குப் போகிற வயர் முனையில் அளந்தால் 1,240!

அது 62 டிகிரிக்கு உரிய எண். ஆறிப்போய் நிற்கிற அவன், 62 டிகிரி காய்ச்சல் என்று பொய் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே நிஜமாக 150 வந்ததுமே '180 வந்தாச்சு' என்று சேதி போகும். போர்டு, பாவம், வந்த சேதியை நம்பி அடுப்பை அணைத்திருக்கிறது. அதற்குத்தான் 11,000 ரூபாய் தண்டனை.

"அப்போ சென்சாரை மாத்திடலாமா?" என்றார் அண்ணன். "அதைத் தனியா கழட்டி ஒரு தரம் அளந்துடுங்கண்ணே" என்றேன். அளந்தார். 1,125. சென்சாரும் நிரபராதி!

கேஷ் புக் சரி, பாஸ்புக் சரி, ஆனால் டேலி ஆகவில்லை என்றால் நடுவில்தான் எங்கோ தகராறு. நடுவில் இருந்தது ஒரு கனெக்டர். பிரித்தால், செம்புப் பாத்திரத்தில் படியுமே, அந்தப் பச்சைக் களிம்பு. மாமா ஆசைப்பட்டு வாங்கிய கடல் காற்றின் உபயம்! அதுதான் அந்த உபரி 115 ஓம். சூடு தாங்கும் புது கனெக்டர், கூலி எல்லாம் சேர்த்து 350 ரூபாய். மறுபடி தெர்மாமீட்டர் வைத்தோம். சராசரி 179.

உங்கள் வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா அவனிலும் இதே சென்சார் இருக்காது. சிலவற்றில் சூடு ஏறினால் மின்தடை இறங்கும். திருகுகிற குமிழ் வைத்த சின்ன அடுப்புகள் பலவற்றில் இருப்பது வளைந்து கொடுக்கும் உலோகத் தகடு. இந்தக் கணக்கு அதற்குச் செல்லாது. உங்கள் மாடலுக்கு உரிய எண்ணைத் தெரிந்துகொண்டு, வயர் முனையில் ஒரு தரம், சென்சாரில் ஒரு தரம் அளக்கச் சொல்லுங்கள். சென்சாரிலேயே எண் தப்பென்றால் அதை மாற்றுங்கள். மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. இரண்டும் சரியென்றால் மட்டும் போர்டைப் பற்றிப் பேசுங்கள்.

அக்கா அன்று ராத்திரியே ஒரு கேக் போட்டாள். பொன்னிறமாக எழும்பி நின்றது. எதிர் வீட்டம்மாவுக்கு ஒரு துண்டு போனது. "நான்தான் சொன்னேனே, சுத்திப் போட்டதும் சரியாயிடுச்சு பார்" என்றாராம்.

மறுநாள் சர்வீஸ் ஆள் போன் செய்தார். "போர்டுக்கு ஆர்டர் போட்டுடலாமா மேடம்?"

"வேண்டாம்ங்க. கேக் வேணும்னா சொல்லுங்க, ஆர்டர் எடுத்துக்கிறேன்" என்றாள் அக்கா.