முதல் பரிசோதனை யாருக்கு?

கருத்தரிப்பு மையத்துக்கு வரும் பெண்ணின் கையில் பெரும்பாலும் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். தைராய்டு, முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச், நாலைந்து ஸ்கேன், கருக்குழாய் அடைப்பைப் பார்க்கப் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த டியூப் டெஸ்ட் எல்லாம் அதில் இருக்கும். கணவரின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை மட்டும் காணோம். "அவனுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லாத்தான் இருக்கான்" என்று மாமியார் முந்திக்கொள்வார்.

நன்றாக இருப்பது வேறு, விந்தணு போதுமான அளவு இருப்பது வேறு. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஆணுக்கு விந்தணுவே இல்லாமல் இருக்கலாம், வெளியில் தெரியாது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் காரணமும், தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ, இருக்கிறது. ஊசி இல்லாத, சில நூறு ரூபாயில் முடிகிற இந்தப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பெண்ணை டியூப் டெஸ்ட் மேசையில் முதலில் படுக்கவைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

செய்முறையும் எளிது. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு சாம்பிள் கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். டப்பாவை உடம்பின் சூட்டோடு சட்டைக்குள் வைத்துக் கொண்டுவரலாம், ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. சாதாரண ஆணுறையில் பிடித்து வருவதும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்கள், அவற்றில் 42 சதவீதத்துக்கு அசைவு, 4 சதவீதத்துக்குச் சரியான வடிவம் என்பவை கீழ் எல்லைகள். 'நார்மல் வடிவம் 4 சதவீதம்' என்று பார்த்ததும் பதறுகிறவர்கள் பலர். அது இயல்பான அளவுதான். எண்ணிக்கை குறைந்திருந்தாலும் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. போன மாதம் வந்த கடும் காய்ச்சலின் பாதிப்பு இன்றைய ரிப்போர்ட்டில் தெரியலாம். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும் என்பது அதைப் போட்டுக்கொள்ளும் பலருக்கும் தெரியாது.

எப்போது டாக்டரைப் பார்ப்பது? ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் பார்க்கலாம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்பதைவிட எத்தனை மாதம் சேர்ந்து இருந்தார்கள் என்று கேட்பதுதான் சரி. துபாயிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருகிறவருக்கு மூன்று வருட மணவாழ்வு என்பது மூன்று மாதமாகக்கூட இருக்கலாம். வெளிவந்த கருமுட்டைக்கு ஆயுள் ஒரு நாள். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். ஆக ஒரு மாதத்தில் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் ஆறு. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் இருபது, இருபத்தைந்து சதவீத வாய்ப்புதான். நான்கு மாதத்தில் 'நிற்கவில்லை' என்று கலங்குவது வீண்.

பெண்ணிடம் பார்ப்பவை முக்கியமாக மூன்று: முட்டை வெளிவருகிறதா, கருக்குழாய் திறந்திருக்கிறதா, கருப்பை சரியாக இருக்கிறதா. நம் ஊரில் 'நீர்க்கட்டி' என்றால் ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய கட்டி என்று பயப்படுகிறார்கள். முதிராமல் நின்றுவிட்ட முட்டைப்பைகள்தான் ஸ்கேனில் அப்படித் தெரிகின்றன. நீர்க்கட்டியோடு உடல் பருமனும் உள்ளவர்கள் எடையில் ஐந்து, பத்து சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வரும். அதற்கும் மசியாவிட்டால் லெட்ரசோல் மாத்திரை. முட்டைப்பை வளர்வதை ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேனில் பார்த்து, 18 மில்லிமீட்டர் அளவைத் தாண்டியதும் அது வெடிக்க ஊசி போடுவார்கள். ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். கருக்குழாய் அடைப்புக்கு இந்தியாவில் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். இருமலே இல்லாமல் அது கருக்குழாயையும் கருப்பையையும் தாக்கலாம். ஏஎம்ஹெச் குறைவு என்றால் முட்டை இருப்பு குறைவு என்று அர்த்தம். இயற்கையாகக் கரு தங்காது என்று அர்த்தமல்ல. அந்த ஒரு எண்ணைக் காட்டியே அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

மாத்திரைக்கு அடுத்த படி ஐயூஐ. கழுவிப் பிரித்த விந்தணுவை மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுவார்கள். ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும், விந்தணுவும் ஓரளவு இருக்க வேண்டும். மூன்று, நான்கு முறை செய்தும் பலிக்காவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் செய்வதில் பயன் குறைவு. இரண்டு குழாயும் அடைபட்டவர்களுக்கு ஐவிஎஃப். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, மயக்கம் கொடுத்து முட்டை எடுத்தல், லேபில் கருவாக்கி மூன்றாம் அல்லது ஐந்தாம் நாள் கருப்பையில் வைத்தல் என்று அது போகும். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி மூச்சுத்திணறல் வரை போகலாம். வயிறு உப்பினால் உடனே சொல்ல வேண்டும். ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி, பெல்ஜியத்தில் 1992இல் வெற்றிகண்ட முறை. விந்தில் அணுவே இல்லாதவர்களில் பலருக்கும் விதையிலிருந்து எடுத்து இதைச் செய்ய முடிகிறது. விந்தணு நன்றாக இருப்பவர்களுக்கு இதனால் கூடுதல் பலன் கிடையாது. இருந்தும் பில்லில் ஏறிவிடுகிறது.

'எண்பது சதவீத வெற்றி' என்று ஹோர்டிங்கில் போட்டால், எந்த வயதினருக்கு என்றும், டெஸ்ட் பாசிட்டிவ் ஆனதையா குழந்தை கையில் வந்ததையா சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள். நாடு முழுவதற்கும் கணக்கு வெளியிடும் பிரிட்டனில், 35 வயதுக்குக் கீழே ஒருமுறை கரு வைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் குழந்தை பிறக்கிறது. நாற்பதைத் தாண்டினால் வேகமாகச் சரிகிறது. செலவுக்கு அஞ்சுகிறவர்கள் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் கருத்தரிப்பு மையத்தில் முதலில் விசாரிக்கலாம்.

சொந்த முட்டையோ விந்தணுவோ உதவாதபோது தானம் பெறலாம். செயற்கைக் கருத்தரிப்பு முறைகளுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி முட்டை தானம் செய்பவருக்கு வயது 23 முதல் 35 வரை இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் கொடுக்கலாம். கணவன், மனைவி இருவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பிறக்கும் குழந்தைக்குச் சட்டப்படி அவர்கள்தான் பெற்றோர். தானம் செய்தவருக்கு அதன் மேல் எந்த உரிமையும் கிடையாது.