கடலுக்குக் கட்டும் பை

அன்புள்ள வாசகர்களுக்கு,

விடுமுறைக்கு இலங்கை போகிறோம், மிரிசாவில் திமிங்கிலம் பார்க்கப் போகிறோம், என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இந்த மாதம் பல வீடுகளிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நல்ல சமயத்தில்தான் கேட்கிறீர்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தத் தென்கரைக் கடல் படகுக்கு இணங்கி இருக்கும். மே பிறந்துவிட்டால் திருகோணமலைப் பக்கம்தான் போக வேண்டும்.

எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். வயிற்றைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் போன படகில் ஒரு தாயும் மகனும் வந்திருந்தார்கள். வெறும் வயிற்றோடு போனால் வாந்தி வராது என்று யாரோ சொன்னதை நம்பி, விடிகாலையில் காபி மட்டும் குடித்துவிட்டு ஏறியிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் தாய் மகன் மடியில் சாய்ந்துவிட்டார். "அம்மா, அதோ பாரும்மா" என்று பையன் கெஞ்சினான். அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அவ்வளவு தூரம் வந்தும் அவர் பார்க்காமலே திரும்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே பையில் முதலில் போக வேண்டியது வாந்தி மாத்திரை. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் எது சரி என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. கிளம்புவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் என்று எளிதாகச் சாப்பிடுங்கள். மலைப் பாதை பஸ்ஸில் நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் இஞ்சி மொரப்பா கடலிலும் கைகொடுக்கும். படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து, தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். போனைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தால் தலை சுற்றும்.

அடுத்தது வெயில். காற்று வீசுவதால் சூடு உறைக்காது. கரை ஏறிய பிறகுதான் முகம் எரியும். முழுக்கைப் பருத்திச் சட்டையும், தாடையில் கட்டும் நாடா வைத்த தொப்பியும் வேண்டும். நாடா இல்லாத தொப்பி கடலுக்குப் போய்விடும். பெண்கள் சேலையைத் தவிர்த்துச் சுடிதார் போடுவது நல்லது. லைஃப் ஜாக்கெட் மாட்டவும் ஏறி இறங்கவும் அதுதான் வசதி. போனைக் கழுத்தில் தொங்கும் தண்ணீர் புகாத உறையில் போடுங்கள். பைனாகுலர் வாங்குவதானால் ஏழு மடங்கு பெரிதாக்குவதே போதும். அதற்கு மேல் போனால் படகின் ஆட்டத்தில் எதுவும் நிலையாகத் தெரியாது. மொத்தத்தில், கம்பியைப் பிடிக்க ஒரு கையாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அதற்கு இடம் தராத பொருள் எதுவானாலும் விடுதியிலேயே இருக்கட்டும்.

இத்தனையும் எதைப் பார்ப்பதற்கு என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான நீலத் திமிங்கிலங்கள் இரை தேடிக் குளிர்ந்த துருவக் கடல்களுக்குப் போகின்றன. இங்கே உள்ளவை ஆண்டு முழுவதும் வட இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரிலேயே தங்கிவிடுகின்றன. இலங்கைக் கடல் ஆய்வாளர் ஆஷா டி வோஸ் 2003-ல் இந்தக் கடலில் அவற்றின் செக்கச்செவேலென்ற கழிவு மிதப்பதைக் கண்டார். வெப்பக் கடலிலேயே அவை இரை தின்கின்றன என்பதற்கு அது சான்று. அவை தின்பது பெரும்பாலும் பொடி இறால் வகைகள். திமிங்கிலம் மேலே வரும்போது பெருமூச்சு போல ஒரு சத்தம், பனைமர உயரத்துக்கு ஒரு நீர்த்தூண், பிறகு நீளமாய், மிக நீளமாய் ஒரு முதுகு. முதல் தடவை பார்க்கும்போது படம் எடுக்காதீர்கள். கண்ணால் பாருங்கள். இரண்டாம் முறை மேலே வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் திமிங்கிலங்களுக்கு இங்கே ஆபத்தும் உண்டு. தென்னாவரம் என்று தமிழர் அழைத்த தேவிநுவர முனைக்குத் தெற்கே உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் பாதை ஒன்று போகிறது. அங்கே கப்பல் மோதித் திமிங்கிலங்கள் சாகின்றன. எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் 2022-ல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. மலை போன்ற கப்பல்களே விலகிப் போகும்போது, நாம் போகும் சின்னப் படகு திமிங்கிலத்தைத் துரத்தலாமா? நூறு மீட்டருக்கு உள்ளே நெருங்கக் கூடாது என்பது இலங்கையின் சட்டம். "ரொம்பக் கிட்டே கூட்டிப் போகிறோம்" என்று ஆசை காட்டும் படகில் ஏறாதீர்கள்.

கடைசியாக, பையில் பிஸ்கட் உறையும் பிளாஸ்டிக் பாட்டிலும் வேண்டாம். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போங்கள். முன்பணம் கட்டும் முன் படகுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "திமிங்கிலத்துக்கு எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்?" நூறு மீட்டர் என்று தயங்காமல் சொல்பவரோடு போங்கள். திரும்பி வந்ததும், பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்