பொழுதுபோக்குப் பக்கம்: ஓரத்தில் இருக்கிறது சூட்சுமம்!

"ஐயையோ, துப்பாக்கியா!" என்று அவசரமாகப் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், சகோதரிகளே! கொஞ்சம் பொறுங்கள். தபால்தலை, பழைய நாணயம், கொலுப் பொம்மை என்று எத்தனையோ சேகரிப்புகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் பேசியிருக்கிறோம். இந்த வாரம் கொஞ்சம் விபரீதமான சேகரிப்பு, அவ்வளவுதான். பழங்காலத்து ரிவால்வர்களைச் சேர்த்து வைத்து, விடுமுறை நாளில் காகித இலக்கைச் சுட்டுப் பொழுது போக்குகிறவர்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

எனக்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தம் ஏற்பட்டது என் அக்கா பிள்ளையால். அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் மாகாணத்தில் இருக்கிறான். நான் போயிருந்தபோது, "சித்தி, நாளைக்கு உங்களை ஒரு மியூசியத்துக்கு அழைச்சிட்டுப் போறேன்" என்றான். பட்டுப் புடவையோ பழைய நகையோ பார்க்கலாமென்று ஆசையாகப் புறப்பட்டேன். ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து மியூசியத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசை வரிசையாகத் துப்பாக்கிகள்! எனக்கு உற்சாகம் வடிந்து போயிற்று. ஆனால் ஒரு பெட்டியின் முன் மட்டும் என் கால் தானாக நின்றது. அதற்குள்ளே ஒரு சாண் நீளம்கூட இல்லாத, கால் கிலோவுக்குச் சற்றே கூடுதலான ஒரு குட்டி ரிவால்வர். பித்தளை உடம்புக்கு வெள்ளி முலாம், ரோஸ்வுட் மரத்தில் கைப்பிடி. நகைப் பெட்டியில் வைக்கலாம் போல அவ்வளவு நேர்த்தி!

"1857-இல் இதே ஊரில் செய்தது, சித்தி. இதன் தோட்டா இன்னும் கடையில் கிடைக்கிறது" என்றான் பையன். நூற்றறுபது வருஷத்துக்கு முந்தைய சாமானுக்கு இன்றைக்கும் உதிரி கிடைக்கிறதா! நாலு வருஷத்து மிக்ஸிக்கே ஜாடி கிடைக்காமல் அலைகிறவள் நான். கதையைக் கேட்காமல் விடுவேனா?

* * *

முதலில் அந்தத் தோட்டாவின் சூட்சுமத்தைச் சொல்லி விடுகிறேன். அதற்கு முந்திய காலத்து ரிவால்வரில் ஒவ்வோர் அறையிலும் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைத் திணித்து, பின்னால் தனியாக ஒரு தொப்பியும் மாட்ட வேண்டும். மழை பெய்தால் மருந்து நமுத்துப் போகும். 1845-இல் பிரெஞ்சுக்காரரான ஃப்ளோபேர் என்பவர் ஒரு காரியம் செய்தார். வெடிக்கும் தொப்பியின் வாயிலேயே ஒரு சின்னக் குண்டைப் பொருத்தி விட்டார். மருந்தும் குண்டும் ஒரே துண்டாகி விட்டன. சத்தமும் வேகமும் குறைச்சல் என்பதால், ஐரோப்பாவில் பெரிய வீட்டுக்காரர்கள் கூடத்திலேயே பலகை வைத்துக் குறி பார்த்து விளையாட ஆரம்பித்தார்கள்.

அமெரிக்காவில் ஹொரேஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இரு கூட்டாளிகள் இந்த யோசனையை வளர்த்தார்கள். சோமாசிக்கு ஓரம் மடிக்கிறோம் அல்லவா? அதைப்போல் மெல்லிய செப்புக் குப்பியின் அடி ஓரத்தை மடித்து, அந்த மடிப்புக்குள் பூரணம் மாதிரி வெடிக்கும் மசாலையை அடைத்து விட்டார்கள். குப்பிக்குள் கொஞ்சம் கரிமருந்து, வாயில் ஈயக் குண்டு. துப்பாக்கியின் சுத்தி வந்து ஓரத்தில் ஓர் அடி அடித்தால் போதும், மசாலை பற்றிக்கொள்ளும். சூட்சுமம் முழுவதும் ஓரத்தில் இருப்பதால்தான் 'ரிம்ஃபயர்' என்று பெயர். குண்டின் பருமன் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, அதாவது நல்ல பருமனான மிளகு அளவு! '22 ஷார்ட்' என்னும் அந்தத் தோட்டா 1857 முதல் இன்று வரை தயாராகி வருகிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. சுட்டபின் ஓரம் நசுங்கி விடுவதால், அதே குப்பியில் மறுபடி மருந்து நிரப்ப முடியாது. சின்ன 22 பிழைத்துக்கொண்டது. அதன் அண்ணன்மார்களான 32, 41, 44 அளவு ரிம்ஃபயர் தோட்டாக்களுக்கோ மவுசு போய், தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. அவற்றுக்கென்று செய்த அழகான ரிவால்வர்கள் இன்று பெரும்பாலும் வாயில்லாப் பூச்சிகள்தாம். பழைய தோட்டாப் பெட்டிகளையே பிரிக்காமல் சேர்த்து வைக்கிற ரசிகர்களும் இருக்கிறார்கள்.

* * *

இப்போது கதைக்கு வருகிறேன். இதில் ஒரு பாவப்பட்ட மனுஷர் இருக்கிறார். அவர் பெயர் ரோலின் வைட்.

ஓரம் மடித்த தோட்டாவை ரிவால்வரில் போட வேண்டுமானால், சுழலும் உருளையில் துளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவிப் போக வேண்டும். இன்றைக்கு இது வெகு சாதாரணமாகத் தோன்றுகிறது. ஆனால் 1855-இல் அதற்கு உரிமைப் பத்திரம் வாங்கி வைத்திருந்தவர் ரோலின் வைட் ஒருவரே. பிரபலமான கோல்ட் துப்பாக்கிக்காரரிடம் அவர் முதலில் போனதாகவும், அவர் வேண்டாம் என்று கையை விரித்ததாகவும் சொல்வார்கள். ஸ்மித்தும் வெஸ்ஸனும் விடவில்லை. 1856-இல் ஒப்பந்தம் எழுதினார்கள். துப்பாக்கி ஒன்றுக்குக் கால் டாலர் வைட்டுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அடடா, உட்கார்ந்த இடத்தில் வருமானம் என்று தோன்றுகிறதல்லவா?

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. யாராவது திருட்டுத்தனமாக இதே மாதிரி செய்தால், வழக்குப் போட்டுத் தடுக்க வேண்டியது வைட்டின் பொறுப்பு!

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. சிப்பாய்கள் தங்கள் சொந்தக் காசில் இந்தக் குட்டி ரிவால்வரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போனார்கள். வியாபாரம் கொழித்தது. நாலா பக்கமும் போலிகளும் கிளம்பின. வைட் கோர்ட்டு வாசலே கதியென்று கிடந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அங்கே நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்துவிட, கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பே நிலைத்து வைட் ஜெயித்தார். ஜெயித்து என்ன பயன்? கால் கால் டாலராக வந்தது மொத்தம் சுமார் 71,000 டாலர். அதில் பெரும் பகுதி வக்கீல்களுக்கே போய்ச் சேர்ந்தது. கம்பெனிக்காரர்களோ பத்து லட்சத்துக்கு மேல் பார்த்து விட்டார்கள்.

1869-இல் உரிமைப் பத்திரம் காலாவதியாயிற்று. "எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, கெடுவை நீட்டித் தாருங்கள்" என்று வைட் மன்றாடினார். அமெரிக்கக் காங்கிரஸ் இரங்கி மசோதாவும் நிறைவேற்றியது. ஆனால் 1870 ஜனவரியில் ஜனாதிபதி கிராண்ட் அதை நிராகரித்து விட்டார். யுத்த காலத்தில் இந்த ஒரு பத்திரத்தால் மற்றத் தொழிற்சாலைகள் நல்ல துப்பாக்கி செய்ய முடியாமல் சர்க்கார் அவதிப்பட்டது என்பது அவருடைய வாதம். அந்த யுத்தத்தை நடத்திய தளபதியே அவர்தானே!

கையெழுத்துப் போடுவதற்கு முன் பத்திரத்தின் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? சீட்டுக் கட்டினாலும் சரி, வீட்டு மனை வாங்கினாலும் சரி, ஜாமீன் கையெழுத்தானாலும் சரி, அந்தக் கடைசி வரியில் நம் பெயர் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

* * *

1857 முதல் 1882 வரை இந்தக் குட்டி ரிவால்வர்கள் மூன்று வகையாக இரண்டரை லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. முதல் இரண்டு வகைக்கும் எண்கோணக் குழல், பித்தளை உடம்பு. மூன்றாவதற்கு உருண்டைக் குழல், இரும்பு உடம்பு, பறவைத் தலை போல் வளைந்த கைப்பிடி. குழலை மேலே தூக்கி, உருளையை அப்படியே கழற்றி, ஏழு தோட்டாவைப் போட வேண்டும். காலிக் குப்பிகளை ஒவ்வொன்றாகக் குழலுக்கு அடியிலுள்ள ஊசியில் குத்தித் தள்ள வேண்டும். இதையெல்லாம் நுணுக்கமாகப் பார்த்துத்தான் சேகரிப்பவர்கள் விலை பேசுகிறார்கள்.

நமக்கென்றே செய்த ஒன்றும் உண்டு. 1902 முதல் 1921 வரை வந்த 'லேடிஸ்மித்' என்ற ஏழு தோட்டா 22 ரிவால்வர். பெண்களின் சின்னக் கைக்குப் பொருத்தமாகச் செய்தது. நல்ல பெயரில்லாத பெண்கள் இதை வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆசாரசீலரான வெஸ்ஸன் கோபத்தோடு நிறுத்தி விட்டார் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. வெஸ்ஸன் காலமானது 1906-இல்! அவர் போனபிறகு பதினைந்து வருஷம் அந்தத் துப்பாக்கி வந்து கொண்டுதான் இருந்தது. பெண்பிள்ளைகள் விஷயமென்றால் எந்த ஊரிலும் வம்புக்குக் கால் முளைத்து விடுகிறது, பார்த்தீர்களா?

சேகரிப்பவர்களின் முதல் கட்டளை என்ன தெரியுமா? 'தேய்க்காதே!' என்பதுதான். பளபளவென்று மெருகு ஏற்றினால் மதிப்புப் போயிற்று. பழைய முலாமும், கறுத்துப்போன நிறமும், தேய்ந்த எழுத்தும்தான் அதற்குச் சாட்சி. இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில், என் மாமியார் தந்த பித்தளை வெற்றிலைப் பெட்டியைப் புளியும் சாம்பலும் போட்டு நாள் முழுக்கத் தேய்த்தேன். தங்கம் மாதிரி ஆகிவிட்டது. மாமியார் கையில் வாங்கினார். மூடியின் மேல் விரலை வைத்து எதையோ தேடினார். அவருடைய அம்மாவின் பெயர் அங்கே மெல்லியதாக வெட்டியிருந்ததாம். "நன்றாகப் பளபளக்கிறது, அம்மா" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை அந்த விரல் என் நெஞ்சில் தடவிக்கொண்டேதான் இருக்கிறது.

* * *

இலக்குச் சுடுவது பற்றியும் இரண்டு வார்த்தை. மிகப் பழைய ரிவால்வர் கரிமருந்துக்குச் செய்தது. இன்றைய வேகமான தோட்டாவைப் போட்டால் உருளை வெடித்துக் கையைப் பதம் பார்க்கும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் அவற்றைப் பெட்டியில் வைத்து அழகு பார்த்து விட்டு, சுடுவதற்கு 1931-இல் வந்த 'கே-22' போன்ற பிற்காலத்து இலக்கு ரிவால்வர்களை எடுக்கிறார்கள். அதையும் தேர்ந்த கம்மியர் சோதித்துச் சரியென்றால்தான். தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுப்பதும் கூடாது. ஓரத்தை அடிக்க வேண்டிய ஊசி உருளையின் விளிம்பை அடித்துக் கெடுத்து விடும். காதுக்கு அடைப்பு அவசியம். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது, ஈயம் விஷம். காலியென்று நிச்சயமாகத் தெரிந்த துப்பாக்கியையும் மனிதர் பக்கம் நீட்டக் கூடாது என்பது எல்லாவற்றிலும் பெரிய விதி.

"இத்தனை ஜாக்கிரதை தேவைப்படும் சாமான் வீட்டில் எதற்கு?" என்று கேட்கிறீர்களா? ஒரு தாயாக நானும் அதைத்தான் கேட்டேன். 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரின் ஆரம்பப் பள்ளியில் ஒருவன் நுழைந்து 16 குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். பிரிட்டிஷ் சர்க்கார் 1997-இல் முதலில் பெரிய கைத்துப்பாக்கிகளையும், அடுத்து 22-ஐயும் தடை செய்து விட்டது. ஒரு தப்பும் செய்யாத எத்தனையோ பேர், ஆசையாகப் பேணியதைப் போலீஸில் ஒப்படைத்தார்கள். ஒலிம்பிக் போட்டிக்குத் தயாராகிறவர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போக நேர்ந்தது. அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பதினாறு காலி நாற்காலிகளை நினைத்தால், நான் அந்தத் தாய்மார் பக்கம்தான் நிற்பேன்.

நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஏதாவது அகப்பட்டால், துடைக்கவோ திருகிப் பார்க்கவோ வேண்டாம். குழந்தைகளை அப்பால் அனுப்பி விட்டுப் போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

அப்படியானால் இந்த மிளகுக் குண்டுக்கு நல்ல வேலையே இல்லையா? இருக்கிறது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று 25 மீட்டர் பிஸ்டல் போட்டி தொடங்கிற்று. கனடாவின் லிண்டா தாம் தங்கம் வென்றார். அங்கே சுடுவது ஓரம் மடித்த 22 தோட்டாதான். குறி வட்டத்தின் நடுப்பொட்டு ஐந்தே சென்டிமீட்டர்! 2018 ஆசிய விளையாட்டில் நம் ராஹி ஸர்னோபத் இதில் தங்கம் வாங்கினார். 2024 பாரிஸில் காற்றுத் துப்பாக்கியில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கர் இந்தப் போட்டியிலும் நாலாவதாக வந்தார். காவலோடும் கட்டுப்பாட்டோடும் நடக்கிற சுடுதளத்தில், மூச்சை அடக்கி, கையை நிறுத்தி, மனசை ஒருமைப்படுத்தும் வித்தை அது. உங்கள் பெண் கேட்டால், பயந்து மறுக்காமல் முறையான சங்கத்தில் விசாரியுங்கள்.

மியூசியத்தை விட்டுக் கிளம்பும்போது, "எப்படி சித்தி?" என்றான் பையன். "கண்ணாடிக்குள் இருக்கிற மட்டும் ரொம்ப அழகுடா" என்றேன். ஊர் திரும்பியதும் முதல் காரியமாக அந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்தேன். மறுபடி கறுக்க ஆரம்பித்திருக்கிறது. இனிமேல் தேய்ப்பதாக இல்லை.